சத்தமின்றித் தவறுபவை: ஒரு வீட்டு ரூட்டர் டிடி-டபிள்யூஆர்டியிலிருந்து ஓப்பன்-டபிள்யூஆர்டிக்கு மாறிய நிகழ்வு ஆய்வு

நான்கு பேர் வசிக்கும் ஒரு வீட்டில் பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்த டிபி-லிங்க் ஆர்ச்சர் சி7 ரூட்டர், இரண்டாம் வன்பொருள் பதிப்பு, இந்த ஆய்வுக்கு உட்பட்டது. வாங்கிய சில காலத்திலேயே அதில், தயாரிப்பாளர் தந்த ஃபர்ம்வேருக்கு (கருவியை இயக்கும் உள் மென்பொருள்) மாற்றாக டிடி-டபிள்யூஆர்டி ஏற்றப்பட்டிருந்தது. ஏற்றியவர் இப்போது அந்த வீட்டில் இல்லை. அவர் என்னென்ன அமைத்தார், எதற்காக அமைத்தார் என்பதற்கு ஒரு குறிப்பும் இல்லை. ரூட்டர் பழுதின்றி ஓடியதால் யாரும் அதைத் தொடவும் இல்லை. தொட்டால் என்ன ஆகுமோ என்ற தயக்கமே அதன் ஃபர்ம்வேர் ஆண்டுக்கணக்கில் புதுப்பிக்கப்படாமல் போனதற்குக் காரணம்.

வீட்டாரின் புகார் ஒன்றே ஒன்றுதான். யாராவது கைப்பேசியிலிருந்து காணொளிகளை மேகச் சேமிப்புக்கு ஏற்றத் தொடங்கினால், அடுத்த அறையில் நடக்கும் காணொளிக் கூட்டம் உடைந்து போகிறது. குரல் அறுந்து அறுந்து கேட்கிறது. வேகச் சோதனையோ இறக்கத்துக்கு 100 எம்பிபிஎஸ், ஏற்றத்துக்கு 20 எம்பிபிஎஸ் என்று ஒப்பந்தப்படியே காட்டுகிறது. ஆகவே, வேகம் குறைவதால் அல்ல, தாமதம் கூடுவதால்தான் கூட்டம் உடைகிறது என்று முதல் நாளே ஊகிக்க முடிந்தது. ஏற்றம் நடக்கும்போது, பதில் வர ஆகும் நேரத்தை அளக்கும் பிங் கட்டளையை ஓடவிட்டுப் பார்த்தபோது, சும்மா இருக்கையில் பதினைந்து மில்லிவிநாடிக்குள் வந்த பதில், பல நூறு மில்லிவிநாடி எடுத்துக்கொண்டது. ஊகம் உறுதியாயிற்று.

இதற்குப் பெயர் பஃபர்புளோட். மோடம் போன்ற கருவிகளின் உள்ளே, அனுப்ப வேண்டிய பாக்கெட்டுகள் (தரவின் சிறு துண்டுகள்) காத்திருக்கும் வரிசை தேவைக்கு மிகப் பெரிதாக இருப்பதே இதன் வேர். கணக்கு எளிது. அந்த வரிசை 1 மெகாபைட் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால், அது 80 லட்சம் பிட். விநாடிக்கு 2 கோடி பிட் மட்டுமே போகக்கூடிய ஏற்றப் பாதையில் அந்த வரிசை கரைய 0.4 விநாடி ஆகும். தரவைக் கொண்டுசேர்க்கும் நெறிமுறையான டிசிபி, பெரும்பாலும் பாக்கெட் தொலைந்தால்தான் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வரிசை நிரம்பி வழியும் வரை எதுவும் தொலையாது. எனவே ஒரு பெரிய கோப்பு ஏறும்போதெல்லாம் வரிசை எப்போதும் நிறைந்தே இருக்கும். பின்னால் வரும் குரல் பாக்கெட் ஒவ்வொன்றும் அந்த 0.4 விநாடியைக் காத்துக் கழித்துவிட்டுத்தான் வெளியேறும். 2012-இல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் முன்வைத்த, வரிசையைக் கட்டுக்குள் வைக்கும் கோடெல் முறையும், அதை அடிப்படையாகக் கொண்டு லினக்ஸ் 3.5-இலேயே இடம்பெற்ற எஃப்க்யூ-கோடெலும், பின்னர் லினக்ஸ் 4.19-இல் சேர்ந்த கேக்கும் இதற்கென்றே உருவானவை.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். இந்தப் புகார் ஒன்றுக்காக மட்டும் ஃபர்ம்வேரை மாற்ற வேண்டிய அவசியம் இருக்கவில்லை. டிடி-டபிள்யூஆர்டியின் புதிய பில்டுகளிலும் (தொகுத்து வெளியிடும் பதிப்புகள்) எஃப்க்யூ-கோடெல் உண்டு. அதே குடும்பத்தில் ஒரு புதிய பில்டை ஏற்றி, சேவைத் தரத்துக்கான (க்யூஓஎஸ்) பக்கத்தில் ஏற்ற, இறக்க வேகங்களுக்கான இரண்டு எண்களை நிரப்பியிருந்தாலும் கூட்டம் உடைவது நின்றிருக்கும். மாற்றத்தை நியாயப்படுத்தியது வேறொரு கேள்வி: இனி இந்த ரூட்டரை யார், எப்படிப் புதுப்பிப்பார்கள்?

எதிலிருந்து எதற்கு

பழைய டிடி-டபிள்யூஆர்டி, அதன் இடத்துக்கு வந்த ஓப்பன்-டபிள்யூஆர்டி, இரண்டு ஃபர்ம்வேர்களுக்கும் மூலம் ஒன்றே. 2002 டிசம்பரில் வெளிவந்த லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரூட்டருக்குள் லினக்ஸ் ஓடுவது தெரியவந்து, ஜிபிஎல் உரிமத்தின்படி அதன் மூல நிரல் 2003-இல் வெளியிடப்பட்டது. அதிலிருந்து 2004-இல் ஓப்பன்-டபிள்யூஆர்டி தொடங்கியது. அதற்கு அடுத்த ஆண்டு செபாஸ்டியன் காட்ஷால் முன்னின்று நடத்தும் டிடி-டபிள்யூஆர்டி வந்தது. ஆனால் இரண்டும் வளர்ந்த விதம் வேறு. டிடி-டபிள்யூஆர்டி எல்லா வசதிகளையும் ஒரே பெட்டிக்குள் அடைத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அமைப்புப் பக்கத்தைக் கையில் கொடுக்கிறது. ஓப்பன்-டபிள்யூஆர்டியோ ஒரு சிறிய லினக்ஸ் விநியோகம் போன்றது. எழுதக்கூடிய கோப்பு முறைமை, பொதிகளை நிறுவும் வசதி, அமைப்புகள் அனைத்தும் வெறும் உரைக் கோப்புகளாக ஒரே கோப்புறையில். 2016-இல் எல்இடிஇ என்ற பெயரில் அதிலிருந்து ஒரு கிளை பிரிந்து, 2018 ஜனவரியில் மீண்டும் அதனுடனேயே இணைந்தது. அந்தப் பிணக்குக்குப் பிறகு வெளியீடுகள் ஓர் ஒழுங்குக்கு வந்தன என்பது என் கணிப்பு.

புதுப்பித்தல் என்ற கேள்விக்கு விடை இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. டிடி-டபிள்யூஆர்டி தொடர்ந்து எண்ணிட்ட பில்டுகளாக வெளிவருகிறது. எந்த பில்டு எந்த ரூட்டரில் நன்றாக ஓடுகிறது என்பதைப் பயனர்களின் அனுபவத்திலிருந்து தேடி எடுக்க வேண்டும். அந்தத் தேடலில் ஆர்வம் உள்ளவருக்கு அது ஒரு குறையே அல்ல. ஆனால் இந்த வீட்டில் அப்படி ஒருவர் இல்லை. ஓப்பன்-டபிள்யூஆர்டியில் 23.05, 24.10 என்று ஆண்டும் மாதமும் சேர்ந்த எண்ணோடு ஒரு வெளியீட்டு வரிசை வரும். அதற்குள் பாதுகாப்புத் திருத்தங்கள் சிறு பதிப்புகளாக வரும். சிறு பதிப்பு வந்தால் ஏற்றிக்கொள் என்று வீட்டாருக்கு ஒரே வரியில் சொல்லிவிடலாம். மூன்றாவது தேர்வாக இருந்த ஃப்ரெஷ்டொமேட்டோ பிராட்காம் சிப் கொண்ட ரூட்டர்களுக்கு மட்டுமே ஆனது என்பதால் பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று.

முடிவெடுக்கும் முன் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் வன்பொருள் பதிப்பு எண்ணைப் படித்தோம். இது சடங்கு அல்ல. இதே மாடலின் முதல் பதிப்பில், ஃபர்ம்வேர் தங்கும் ஃபிளாஷ் நினைவகம் 8 எம்பி. அதிலுள்ள 5 கிகாஹெர்ட்ஸ் சிப்பின் ஆரம்ப வடிவத்தை லினக்ஸின் ஏடிஹெச்10கே டிரைவர் ஏற்பதில்லை, அதாவது ஓப்பன்-டபிள்யூஆர்டியில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையே கிடைக்காது. இரண்டாம் பதிப்பில் 16 எம்பி ஃபிளாஷ், 128 எம்பி ராம், 720 மெகாஹெர்ட்ஸில் ஓடும் க்யூசிஏ9558 செயலி, டிரைவர் ஏற்கும் வைஃபை சிப். ஒரே பெயர், ஒரே தோற்றம், உள்ளே வேறு கருவி. இந்தப் பழக்கம் இத்துறையில் ஆதியிலிருந்தே உண்டு: டபிள்யூஆர்டி54ஜியின் ஐந்தாம் பதிப்பில் லினக்ஸையே நீக்கி, நினைவகத்தையும் பாதியாக்கிவிட்டு, லினக்ஸ் வேண்டுவோருக்காக வேறொரு பெயரில் பழைய வடிவத்தை மீண்டும் விற்றார்கள். 21.02 வெளியீட்டிலிருந்து ஓப்பன்-டபிள்யூஆர்டி குறைந்தபட்சம் 8 எம்பி ஃபிளாஷும் 64 எம்பி ராமும் கேட்கிறது. நம் ரூட்டர் அந்த வரம்பை இரு மடங்கு தாண்டி நிற்கிறது.

பழைய அமைப்பைப் படித்தல்

ஃபர்ம்வேர் மாற்றம் என்றால் பலரும் ஃபிளாஷ் செய்யும், அதாவது புதிய ஃபர்ம்வேரை எழுதும், அந்த இரண்டு நிமிடத்தையே நினைத்து அஞ்சுகிறார்கள். இந்த நிகழ்வில் நேரமும் கவனமும் போனது அதற்கு முன்பே. டிடி-டபிள்யூஆர்டியின் பேக்கப் கோப்பை ஓப்பன்-டபிள்யூஆர்டி படிக்காது. டிடி-டபிள்யூஆர்டியிலேயேகூட வேறு மாடலுக்கோ மிகவும் விலகிய பில்டுக்கோ அதைத் திரும்ப ஏற்றுவது ஆபத்து. ஆகவே பழைய ரூட்டர் என்னென்ன செய்துகொண்டிருந்தது என்பதை மனிதர் படிக்கும் பட்டியலாக எழுதி எடுப்பதைத் தவிர வழியில்லை.

டிடி-டபிள்யூஆர்டி தன் அமைப்புகளை என்வி-ராம் என்னும் பகுதியில் பெயரும் மதிப்பும் கொண்ட வரிகளாக வைத்திருக்கிறது. எஸ்எஸ்ஹெச் என்னும் கட்டளை வரி இணைப்பு வழியாக உள்ளே சென்று அதை முழுவதுமாக ஓர் உரைக் கோப்பில் இறக்கினோம். பெரும்பகுதி இயல்நிலை மதிப்புகள். கண்ணை ஓட்டிவிட்டுக் கடந்து போகலாம். முக்கியமானவை அட்மினிஸ்ட்ரேஷன் மெனுவின் கமாண்ட்ஸ் பக்கத்தில் சேமிக்கப்பட்ட இரண்டு ஸ்கிரிப்டுகள். ஒன்று ரூட்டர் எழும்போது ஓடுவது, மற்றது ஃபயர்வால் அமையும்போது ஓடுவது. வேறு எந்த அமைப்புப் பக்கத்திலும் இவற்றின் சுவடு தெரியாது. ஒவ்வொரு பக்கத்தையும் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து வைத்துக்கொள்பவர்கூட இந்த ஒரு பக்கத்தைத் தவறவிட்டுவிட முடியும்.

எழுச்சி ஸ்கிரிப்டில், இணையச் சேவை தரும் நிறுவனம் கேட்கும் விலான் எண்ணை (ஒரே கேபிளில் செல்லும் வெவ்வேறு வலைகளைப் பிரித்தறியும் எண்) வெளிப்புறப் போர்ட்டில் பொருத்தும் வரிகள் இருந்தன. ஃபயர்வால் ஸ்கிரிப்டில் இரண்டே வரிகள். முதல் வரி, 60 என்று முடியும் ஓர் உள் முகவரியிலிருந்து வெளி இணையத்துக்குப் போகும் அனைத்தையும் கைவிடு என்கிறது. இரண்டாவது வரி, அதே முகவரியிலிருந்து யுடிபி 123-ஆம் போர்ட்டுக்குப் போவதை அனுமதி என்கிறது. மேலிருந்து கீழாகப் படித்தால் இரண்டாம் வரி வீண் என்று தோன்றும். எல்லாம் தடுக்கப்பட்ட பின் எதை அனுமதிப்பது? ஆனால் இரண்டும் செருகு என்ற கட்டளையால் எழுதப்பட்டவை. ஒவ்வொன்றும் பட்டியலின் உச்சியில் போய் அமரும், ஆகவே இரண்டாவதாக எழுதியதே முதலில் பரிசீலிக்கப்படும். 60-ஆம் முகவரி வாசற்புறக் கேமராவுடையது. 123 என்பது நேரத்தைச் சரிசெய்யும் என்டிபியின் போர்ட். கேமரா தன் தயாரிப்பாளரின் சர்வரோடு பேசக்கூடாது, ஆனால் அதன் கடிகாரம் மட்டும் சரியாக இருக்க வேண்டும் என்று யாரோ ஒருவர் யோசித்து எழுதிய இரண்டு வரி அது. வீட்டில் இருந்த எவருக்கும் அப்படி ஒரு தடை இருப்பது தெரியவில்லை.

இந்த இடத்தில்தான் இந்த ஆய்வின் கருத்து பிடிபட்டது. விலான் எண் விடுபட்டால் இணையமே வராது. அன்று மாலைக்குள் அது சரிசெய்யப்பட்டுவிடும், ஏனெனில் வீட்டில் அனைவரும் சத்தம் போடுவார்கள். கேமராத் தடை விடுபட்டால் எதுவும் நிற்காது. கேமரா முன்னைவிட நன்றாகவே ஓடும். எவரும் புகார் சொல்லாத அந்த இழப்பு ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும். எனவே பட்டியலை இரண்டாகப் பிரித்தோம்: தவறினால் தானே தெரிந்துவிடுபவை ஒரு பக்கம், தவறினாலும் தெரியாதவை மறுபக்கம். முதல் பக்கத்துக்குத் தனிச் சோதனை எதுவும் எழுதவில்லை. இரண்டாம் பக்கத்தில் உள்ள ஒவ்வொன்றுக்கும், அது வேலை செய்யவில்லை என்று காட்டக்கூடிய ஒரு சோதனையை ஃபிளாஷ் செய்வதற்கு முன்பே எழுதி வைத்தோம்.

திரும்பும் வழி

முன்னே போவதற்கு முன் திரும்பி வரும் வழி திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த ரூட்டரின் பூட்லோடரில் (மின்சாரம் வந்ததும் முதலில் ஓடி ஃபர்ம்வேரை எழுப்பும் சிறு நிரல்) ஒரு மீட்பு வசதி உண்டு. ரீசெட் பொத்தானை அழுத்தியபடி மின்சாரம் கொடுத்தால், 192.168.0.66 என்ற முகவரியில் ஒரு டிஎஃப்டிபி (எளிய கோப்புப் பரிமாற்ற முறை) சர்வரைத் தேடி, குறிப்பிட்ட பெயருள்ள கோப்பைக் கேட்டு வாங்கித் தானே எழுதிக்கொள்ளும். ஃபர்ம்வேர் முழுவதும் கெட்டுப்போனாலும், பூட்லோடர் இருக்கும் வரை இந்த வழி இருக்கும்.

இதை ஆபத்தின்றிச் சோதிக்க ஒரு நல்ல உபாயம் இருக்கிறது. கணினிக்கு அந்த முகவரியைக் கொடுத்து, டிஎஃப்டிபி சர்வரை வெறும் கோப்புறையோடு ஓடவிட வேண்டும். ரூட்டர் கேட்கும், சர்வர் இல்லை என்று சொல்லும், எதுவும் எழுதப்படாது. ஆனால் கோரிக்கை வந்ததும், எந்தப் பெயரில் கோப்பைக் கேட்டது என்பதும் சர்வரின் பதிவில் விழுந்துவிடும். பெயரை வேறெங்கும் தேட வேண்டியதும் இல்லை. கணினியையும் ரூட்டரையும் நேரடியாக ஒரே கேபிளில் இணைத்தால் சில சமயம் கோரிக்கை கணினிக்கு வந்தே சேராது. ரூட்டர் எழும்போது கேபிள் இணைப்பு ஒருமுறை விழுந்து எழுகிறது; கணினி அதை மீண்டும் உணர்வதற்குள் ரூட்டர் கேட்டு முடித்துவிடுகிறது. நடுவில் ஒரு சாதாரண ஸ்விட்சை வைத்தால் கணினியின் பக்கம் இணைப்பு விழாமல் இருக்கும். இங்கேயும் ஸ்விட்ச் வைத்த பிறகுதான் கோரிக்கை கண்ணில் பட்டது.

ரீசெட் பற்றி இன்னொன்று. முப்பது விநாடி அழுத்து, அழுத்தியபடியே மின்சாரத்தை எடுத்து முப்பது விநாடி, மீண்டும் கொடுத்து முப்பது விநாடி என்றொரு பழைய வழக்கம் டிடி-டபிள்யூஆர்டி பயனர்களிடையே உண்டு. அது பழைய பிராட்காம் ரூட்டர்களின் காலத்தில் பிறந்தது. மின்சாரம் வரும்போது அழுத்திய பொத்தானுக்கு வேறு பொருள் உள்ள இந்த ரூட்டரில் அதற்கு இடமில்லை.

கடைசியாக ஒரு நகல். ஃபிளாஷின் இறுதியில் 64 கேபி அளவில் ஏஆர்டி என்றொரு பிரிவு இருக்கிறது. தொழிற்சாலையில் அந்த ஒரு ரூட்டருக்கென்றே அளந்து எழுதப்பட்ட வைஃபை அளவீடுகள் அதில் உள்ளன. வேறு ரூட்டரின் நகல் இதற்குப் பொருந்தாது. அழிந்தால் மீட்க எவராலும் இயலாது. அதை நகலெடுத்து இரண்டு இடங்களில் வைத்தோம். இதுபோலவே எச்சரிக்கை தேவைப்படும் இன்னொரு இடம், தயாரிப்பாளரின் சொந்த ஃபர்ம்வேருக்குத் திரும்புவது. கோப்பின் பெயரில் பூட் என்ற சொல் இருந்தால் அதன் முன்பகுதியில் பூட்லோடரும் சேர்ந்திருக்கிறது என்று பொருள். கட்டளை வரியிலிருந்து அதை எழுதுபவர் முதல் 131584 பைட்டுகளை வெட்டிவிட்டுத்தான் எழுத வேண்டும். வெட்டாமல் எழுதினால் ஃபர்ம்வேர் தொடங்க வேண்டிய இடத்தில் பூட்லோடர் கிடக்கும், ரூட்டர் எழாது.

மாற்றம்

ஓப்பன்-டபிள்யூஆர்டியின் ஃபர்ம்வேர் தேர்வுப் பக்கத்தில், வேண்டிய பொதிகளையும் சேர்த்தே இமேஜ் (ஏற்றத் தயாரான ஃபர்ம்வேர் கோப்பு) உருவாக்கிக்கொள்ளலாம். நெரிசலைக் கட்டுப்படுத்தும் எஸ்க்யூஎம் பொதியை அப்படிச் சேர்த்தோம். இணையம் வருவதற்கு முன்பே அது உள்ளே இருக்கும் என்பதோடு, பிறகு நிறுவுவதைவிட இமேஜுக்குள் அழுத்தப்பட்ட வடிவில் குறைந்த இடமே பிடிக்கும். இறக்கிய கோப்பு பிழையின்றி வந்ததா என்று அதன் எஸ்ஹெச்ஏ-256 சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, டிடி-டபிள்யூஆர்டியின் வலைப்பக்கம் வழியாக ஏற்றாமல், சோதித்து வைத்த மீட்பு வழியிலேயே ஃபேக்டரி வகை இமேஜை அனுப்பினோம். சிஸ்அப்கிரேட் வகை இமேஜ் ஏற்கெனவே ஓப்பன்-டபிள்யூஆர்டி ஓடும் ரூட்டருக்கு உரியது. சில நிமிடங்களில் 192.168.1.1-இல் ஓப்பன்-டபிள்யூஆர்டியின் அமைப்பு வலைப்பக்கமான லூசி வந்தது.

சத்தமாகத் தவறியவை எதிர்பார்த்தபடியே வந்தன. வைஃபை இல்லை; ஓப்பன்-டபிள்யூஆர்டி அதை அணைத்தே தருகிறது, ஏனெனில் கடவுச்சொல் வைக்காத ரூட்டர் காற்றில் திறந்து கிடக்கக்கூடாது. கேபிள் வழியே நுழைந்து முதலில் நிர்வாகக் கடவுச்சொல்லை வைத்து, பிறகு பழைய வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் எழுத்து மாறாமல் கொடுத்ததால் வீட்டுக் கருவிகள் தாமாகவே வந்து இணைந்தன. வைஃபையின் நாட்டுக் குறியீட்டை நிரப்பும் வரை 5 கிகாஹெர்ட்ஸில் சேனல்கள் மிகக் குறைவாகவே கிடைத்தன. ரேடாருடன் பகிரும் சேனலைத் தேர்ந்தெடுத்தபோது குறைந்தது 60 விநாடி அந்தச் சேனலைக் கவனித்த பிறகே ரூட்டர் ஒலிபரப்பத் தொடங்கும் என்பதை அறியாதவர், வைஃபை செத்துவிட்டது என்று எண்ணி மீண்டும் மீண்டும் அணைத்துப் போடுவார். ஒவ்வொரு முறையும் அந்த 60 விநாடி புதிதாகத் தொடங்கும். விலான் எண்ணைப் பட்டியலிலிருந்து எடுத்துப் போட்டதும் சேவை நிறுவனத்தோடான பிபிபிஓஇ இணைப்பு எழுந்தது. ஒரு பழைய மின்கருவி மட்டும் டபிள்யூபிஏ2-வும் டபிள்யூபிஏ3-உம் கலந்த வைஃபை பாதுகாப்பு முறையில் இணைய மறுத்தது, 2.4 கிகாஹெர்ட்ஸை டபிள்யூபிஏ2-வில் மட்டும் விட்டதும் இணைந்தது.

சத்தமின்றித் தவறியவை

பட்டியலின் இரண்டாம் பக்கத்தில் முதலாவது பிரிண்டர். அதன் முகவரி பிரிண்டரின் உள்ளேயே கையால் வைக்கப்பட்டிருந்தது; 200 என்று முடிவது. பழைய ரூட்டர் 100 முதல் 149 வரையான முகவரிகளை மட்டுமே தானாகக் கொடுத்துவந்ததால் அது பாதுகாப்பாக வெளியே நின்றது. ஓப்பன்-டபிள்யூஆர்டியின் இயல்நிலை வரம்போ 100-இல் தொடங்கி 249 வரை போகிறது. பிரிண்டர் அன்று நன்றாகவே அச்சடித்தது. ஆனால் என்றேனும் ஒருநாள், பிரிண்டர் அணைந்திருக்கும் நேரத்தில், வந்த விருந்தினரின் கைப்பேசிக்கு ரூட்டர் அதே 200-ஐக் கொடுத்துவிட்டால், பிரிண்டர் எழும்போது இரண்டும் ஒரே முகவரியில் மோதும். அந்தப் பிழை எப்போதாவது வரும், விருந்தினர் போனதும் மறையும், பழி பிரிண்டர் மீது விழும். வரம்பைச் சுருக்கி, பிரிண்டருக்கு அதன் மேக் முகவரியின் (கருவியின் வன்பொருள் அடையாள எண்) பெயரில் முகவரியை ஒதுக்கி வைத்தோம்.

இரண்டாவது கேமரா. 22.03 வெளியீட்டிலிருந்து ஓப்பன்-டபிள்யூஆர்டியின் ஃபயர்வால் ஐபி-டேபிள்ஸை விட்டு என்எஃப்டி-டேபிள்ஸுக்கு மாறிவிட்டது. பழைய ஸ்கிரிப்டின் வரிகளை ஒட்டினால் வேலை செய்யாது. ஆகவே அந்த இரண்டு வரிகளையும் புதிய ஃபயர்வாலின் விதிகளாக எழுதினோம். 60-ஆம் முகவரியிலிருந்து வெளியே போவதெல்லாம் மறுப்பு, அதற்கு மேலே என்டிபிக்கு அனுமதி. லூசியின் விதிப் பட்டியலில் வரிசை கண்ணுக்குத் தெரிவதால் பழைய தலைகீழ்க் குழப்பம் இல்லை. வேலை முடிந்ததாகத் தோன்றும் நிலை அது.

எழுதி வைத்த சோதனை, கேமராவை அணைத்து மீண்டும் இயக்கி, ரூட்டரின் நடப்பு இணைப்புகளின் பட்டியலில் அது வெளியே எங்கேனும் பேசுகிறதா என்று பார்ப்பது. 60-ஆம் முகவரியிலிருந்து என்டிபியைத் தவிர வேறெதுவும் இல்லை. ஆனால் அதே பட்டியலில், யாருடையது என்று தெரியாத, ஐபிவி6 என்னும் புதிய முறையிலான ஒரு நீண்ட முகவரி, வெளியிலுள்ள ஒரு சர்வரின் 443-ஆம் போர்ட்டோடு இணைந்திருந்தது. அண்டைக் கருவிகளின் அட்டவணையில் அந்த முகவரிக்கு நேரே இருந்த மேக் முகவரி கேமராவுடையதே.

காரணம் இதுதான். பழைய ரூட்டரில் ஐபிவி6 அணைந்திருந்தது. ஆகவே 60 என்று முடியும் பழைய முறை ஐபிவி4 முகவரியைத் தடுத்தால் கேமராவையே தடுத்ததாகும். ஓப்பன்-டபிள்யூஆர்டியில் ஐபிவி6 இயல்பாகவே திறந்திருக்கிறது. சேவை நிறுவனம் வீட்டுக்கான ஐபிவி6 முகவரிகளின் முன்னொட்டைக் கொடுத்ததும் வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பொது முகவரி கிடைத்துவிடுகிறது. வெளியிலிருந்து உள்ளே வருவதை ஃபயர்வால் மறுக்கிறது என்பதால் அதில் அச்சமில்லை. உள்ளிருந்து வெளியே போவதற்குத் தடை ஏதும் இல்லை. ஐபிவி4 முகவரி குறிப்பிட்ட விதி ஐபிவி4-ஐ மட்டுமே பார்க்கும். முன்வாசலில் பூட்டு அப்படியே தொங்க, கொல்லைப்புறக் கதவு திறந்திருந்த கதை. விதியின் எழுத்தைப் பெயர்த்தால் போதாது, அந்த விதி எந்தச் சூழலை நம்பி எழுதப்பட்டதோ அதையும் சேர்த்துப் பெயர்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை.

மேக் முகவரியைக் கொண்டு தடுத்தால் இரண்டு வகை ஐபிக்கும் அது பொருந்தும். உடனடித் தீர்வாக அது போதும். ஆனால் நாளை இரண்டாவது கேமரா வந்தால் மீண்டும் யாராவது நினைவு வைத்திருந்து ஒரு விதி எழுத வேண்டும். ஆகவே கேமராவுக்கென்று தனி வைஃபை பெயர், தனி முகவரி வரம்பு, ஃபயர்வாலில் தனி மண்டலம் என்று பிரித்தோம். வீட்டு மண்டலத்திலிருந்து கேமரா மண்டலத்துக்குப் போகலாம். கேமரா மண்டலத்திலிருந்து எங்கும் போக முடியாது, வெளி இணையத்துக்கும் வீட்டுக்குள்ளும். ரூட்டரிடம் கேட்கக்கூடியவை இரண்டு மட்டும்: முகவரி பெறுவதற்கான 67-ஆம் போர்ட், நேரம் பெறுவதற்கான 123-ஆம் போர்ட். ஓப்பன்-டபிள்யூஆர்டி தானே நேரச் சர்வராக இயங்கும் வசதியை இயக்கி, கேமராவின் அமைப்பில் என்டிபி சர்வராக ரூட்டரின் முகவரியைக் கொடுத்தோம். பழைய அமைப்பில் கேமரா நேரத்துக்காகவேனும் வெளியே போய்க்கொண்டிருந்தது. இப்போது அதுவும் தேவையில்லை. தடை என்பது இங்கே எழுதி வைத்த விதி அல்ல, அனுமதி எழுதாமல் விட்டதன் விளைவு. அதனால்தான் ஐபிவி6 போன்ற புதிய பாதை திறந்தாலும் அது குலைவதில்லை.

மீண்டும் அதே சோதனை. இம்முறை பட்டியலில் கேமராவின் மேக் முகவரிக்கு உரிய வெளி இணைப்பு எதுவும் இல்லை.

நெரிசல்

புகாரின் தீர்வு இவ்வளவு நேரம் காத்திருந்தது வேண்டுமென்றேதான். அது எளிய பகுதி. எஸ்க்யூஎம் பக்கத்தில் கேக் முறையைத் தேர்ந்து, வெளிப்புற இடைமுகமாக பிபிபிஓஇ-யைக் காட்டி, அளந்த வேகத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைக் கழித்து இரு திசைக்கும் எண் கொடுத்தோம். கழிப்பதன் நோக்கம், வரிசை மோடத்தில் சேராமல் ரூட்டரிலேயே சேர வேண்டும் என்பது; அப்போதுதான் கேக் அதை ஆள முடியும். ஏற்றம் நடக்கையில் பிங் இப்போது முப்பது மில்லிவிநாடியைத் தாண்டுவது அரிது. இழந்த வேகத்தை வீட்டில் யாரும் உணரவில்லை.

இதில் கவனிக்க வேண்டிய செலவு செயலி. கேக் ஒவ்வொரு பாக்கெட்டையும் தொட்டுப் பார்க்கிறது. 720 மெகாஹெர்ட்ஸ் ஒற்றைக் கருச் செயலிக்கு 100 எம்பிபிஎஸ் தாங்கும் சுமை, ஆனால் மிச்சம் அதிகமில்லை. தயாரிப்பாளரின் சொந்த ஃபர்ம்வேர் பாக்கெட்டுகளை வன்பொருளின் துணையோடு கடத்துவதால் கிகாபிட் இணைப்பையும் சமாளிக்கும். திறமூல ஃபர்ம்வேரில் இந்த ரூட்டருக்கு அந்தத் துணை இல்லை. அதை ஓரளவு ஈடுகட்டும் ஃப்ளோ ஆஃப்லோடிங் வசதி 18.06-இலிருந்து உண்டு, ஆனால் அது பாக்கெட்டுகளைக் குறுக்கு வழியில் அனுப்பிவிடுவதால் எஸ்க்யூஎம்-மின் கைக்கு அவை வராமல் போகும். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். வேகமான இணைப்புக்கு மாறும் எண்ணம் உள்ள வீட்டுக்கு இந்த ரூட்டரில் ஃபர்ம்வேர் மாற்றத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். புதிய ரூட்டரே அங்கே விடை.

விட்டுச் சென்றவை

ஓப்பன்-டபிள்யூஆர்டியின் பேக்கப் என்பது உரைக் கோப்புகளின் ஒரு சுருக்கப்பட்ட தொகுப்பு. திறந்து படிக்கலாம், இரண்டு பேக்கப்புகளை வரிக்கு வரி ஒப்பிடலாம். அதற்குள்ளேயே, ஒவ்வொரு தனி அமைப்பும் எதற்காக என்று தமிழில் ஒரு குறிப்புக் கோப்பையும் சேர்த்து, பேக்கப் பட்டியலில் அதன் பாதையைக் குறித்துவிட்டோம். புதிய சிறு பதிப்பை சிஸ்அப்கிரேட் மூலம் ஏற்றும்போது அமைப்புகள் தங்கிவிடும், ஆனால் கூடுதலாக நிறுவிய பொதிகள் போய்விடும். எனவே எஸ்க்யூஎம் சேர்ந்த இமேஜையே ஒவ்வொரு முறையும் உருவாக்க வேண்டும் என்பது அந்தக் குறிப்பின் முதல் வரி. எஸ்க்யூஎம் இல்லாத ரூட்டர் சத்தமின்றி ஓடும், அடுத்த பெரிய ஏற்றம் வரை. ஒவ்வொரு பதிப்பு ஏற்றத்துக்குப் பிறகும் கேமராச் சோதனையை மீண்டும் செய் என்பது இரண்டாம் வரி.

தீராமல் நிற்பது ஒன்று உண்டு. 5 கிகாஹெர்ட்ஸ் சிப்புக்கு ஓப்பன்-டபிள்யூஆர்டி இயல்பாகத் தருவது கேண்டெலா டெக்னாலஜீஸ் நிறுவனம் மாற்றியமைத்த டிரைவரும் அதற்குரிய சிப் ஃபர்ம்வேரும். மூல வடிவத்துக்கு மாறிக்கொள்ளவும் முடியும். ஒரு மடிக்கணினி மட்டும் நீண்ட நேர உறக்கத்திலிருந்து எழும்போது 5 கிகாஹெர்ட்ஸில் உடனே இணைவதில்லை. இது ரூட்டரின் டிரைவராலா, மடிக்கணினியின் டிரைவராலா என்பது இன்னும் பிரித்தறியப்படவில்லை. அடுத்த சிறு பதிப்புக்கான இமேஜை உருவாக்கும்போது மூல டிரைவரை வைத்து ஓட்டிப் பார்ப்பது என்று முடிவாகியிருக்கிறது. அதுவரை அந்த மடிக்கணினி 2.4 கிகாஹெர்ட்ஸில் இருக்கிறது.